பிஷப்பின் பட்டும் அனந்தம்மாள் டீச்சரும்

ஆரணியில் நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தும் ஒரு பட்டுப் புடவைகூட வாங்காதவர் அனந்தம்மாள் டீச்சர். வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தோன்றாது. ஆரணிக்காரனுக்கு ரோஷம் வரும். எனக்கும் வந்தது. நான் தறிக்குடும்பத்துப் பிள்ளை. தாத்தா நெய்தார், அப்பா நெய்தார், அண்ணன் மாணிக்கவேல் இன்றைக்கும் கைத்தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் மட்டும் மூன்று மாதம் தறிக்குழியில் காலை விட்டுப் பார்த்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று சொல்லி அச்சகத்துக்கு ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள்.

அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டு பிறகு சொந்தமாக ஒரு பிரஸ் வைத்தேன். பெரிய பிரஸ் இல்லை. கல்யாணப் பத்திரிகை, பட்டுக்கடைக் காலண்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆன புதிதில், தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

"தமிழ்வாணா, ஒரு புஸ்தகம் போடணும்."

"யாரப் பத்தி டீச்சர்?"

"ஒரு பிஷப்பப் பத்தி. அவரு வாழ்க்கையும் எழுத்தும்."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். டீச்சர் சேத்துப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து ஜெயின் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு வாய் சாப்பிடமாட்டார். உருளைக்கிழங்கு, வெங்காயம் வீட்டுக்குள் வராது.

"நீங்க ஜெயின்தானே டீச்சர்? இன்னாத்துக்கு பிஷப்பு?"

"போன மாசம் மசூதி நோட்டீஸ் அடிச்சியே, நீ இன்னா சாயபுவா? வேலையப் பாரு" என்றார்.

அன்றோடு வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். பல வருடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் எழுதிக் கொண்டுவருவது மாதத்துக்கு நாலைந்து பக்கம். அதை நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால், சிவப்பு மையால் கிழித்துத் திருப்பிக் கொடுப்பார். ஒரு வாரம் 'கிருபை' என்பார், அடுத்த வாரம் எல்லாவற்றையும் 'அருள்' என்று மாற்றச் சொல்வார். பெரிய பேஜார். ஆனால் திருத்த உட்காரும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையையும் சொல்வார், பிஷப் கதையையும் சொல்வார். அப்படித்தான் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

டீச்சரின் அம்மா பட்டு கட்டமாட்டார். கூட்டுக்குள் இருக்கும் புழுவை அப்படியே வெந்நீரில் போட்டால்தான் நூல் அறுபடாமல் வரும் என்பதால், அவர்கள் வீட்டில் அந்தத் துணி ஆகாது. ஜெயின் குடும்பங்கள் எல்லாமே இப்படி என்று நினைக்க வேண்டாம். டீச்சரின் சொந்தக்காரர்களே கல்யாணத்துக்கு எங்கள் ஊர்ப் பட்டில் வந்து நிற்பார்கள். இவர்கள் வீட்டில் மட்டும் அது பிடிவாதம். டீச்சர் தன் கல்யாணத்துக்கே நூல் புடவைதான் கட்டினாராம். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார மறுத்துவிட்டார். மாப்பிள்ளை ஜெயசந்திரன்தான் சமாதானம் செய்திருக்கிறார். கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்தவர், சாந்தமான மனிதர். யாராவது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "மூணு பேரு. நானு, இவ, பிஷப்பு" என்பார்.

பட்டு வேண்டாம் என்பவருக்கு வாய்த்த வீட்டைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று எங்கள் தெருவில் குடிவந்தார். இந்தப் பக்கம் தறி, அந்தப் பக்கம் தறி, எதிரே எங்கள் அண்ணன் தறி. தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் அவரிடம்தான். அண்ணன் மகள் சுகன்யா அவர் வீட்டிலேயே கிடப்பாள். இத்தனை வருடத்தில் அவர் ஒருவரிடமும் பட்டைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. தறியிலிருந்து இறக்கிய புடவையை அண்ணி கொண்டுபோய்க் காட்டுவார். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "கலரு நல்லாருக்கு" என்பார். தொடமாட்டார். அண்ணிக்கு அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் காட்டுவார்.

இனி பிஷப். பெயர் ஆம்ப்ரோஸ் வெல்டன். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஆள். மெழுகுவர்த்தி செய்பவரின் மகன். படித்து, பாதிரியாராகி, இறையியலில் மூன்று பெரிய தொகுதிகள் எழுதி, இங்கிலாந்தில் ஆல்டன்மியர் என்ற ஊருக்குப் பேராயர் ஆனார். அந்த மூன்று தொகுதியும் எப்படி இருக்கும் என்று டீச்சரைக் கேட்டேன். "தூக்கம் வரலன்னா படிக்கலாம்" என்றார். டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டது அந்தத் தொகுதிகளுக்காக இல்லை. ஒரே ஒரு பிரசங்கத்துக்காக.

அந்தக் காலத்து இங்கிலாந்து பிஷப்புகள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை கறுப்புப் பட்டில் ஒரு முன்துணி கட்டுவார்கள். பதவிக்கு அதுதான் அடையாளம். ஒரு ஈஸ்டர் அன்று வெல்டன் பிரசங்க மேடையில் நின்று, பட்டு எப்படி வருகிறது என்று விவரமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்தத் துணிக்காகச் செத்த உயிருக்கு வாயில்லை. வாயில்லாத உயிரிடம் நான் எப்படி மன்னிப்புக் கேட்பேன்?" என்று கேட்டு, அத்தனை பேர் முன்னாலும் அதை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து நூல் துணிதான்.

டீச்சர் வேலூரில் எம்.ஏ. படிக்கும்போது, நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு பழைய புத்தகத்தில் இதைப் படித்தார். பட்டு கட்டாத பைத்தியம் என்று ஹாஸ்டல் பெண்கள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த சமயம் அது.

"எங்கம்மா சொன்னா பட்டிக்காட்டுத்தனம்னு சிரிச்சாளுங்க. அதையே ஒரு பிஷப்பு இங்கிலீஷ்ல சொல்லிக்கிறாரு. அங்கியே உக்காந்து அழுதேன் தமிழ்வாணா. நாம தனியா இல்லன்னு இருந்துச்சு."

அதைச் சொல்லும்போதும் அவருக்குக் கண் கலங்கியது. எனக்குப் பட்டுக்கு எதிராகப் பேசுகிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

புத்தகம் ஒருவழியாக முடிகிற கட்டத்துக்கு வந்தது. பெரும்பகுதி அச்சாகி அடுக்கி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் டீச்சரின் தங்கை மகள் சௌம்யா புதிதாக ஒன்றை அனுப்பினாள். அவள் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். பெரியம்மாவுக்குப் பிடித்த பிஷப்பாயிற்றே என்று ஒரு லீவு நாளில் ஆல்டன்மியருக்கே போயிருக்கிறாள். அங்கே தேவாலய நூலகத்தில் வெல்டன் கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு சிறு நூல் இருந்தது. இந்தியாவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். போனில் எழுத்து தெரியவில்லை என்று டீச்சர் அதை எனக்கு அனுப்பி, பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். குழந்தைக்குப் புதுத்துணி வாங்கியவர் மாதிரி அத்தனை சந்தோஷம் அவர் முகத்தில். ஃபேனுக்கு அடியில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

படிக்கப் படிக்க முகம் மாறியது. பாதியில் பக்கத்திலிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டீச்சர்?"

"ஏமாத்திட்டாரு" என்றார்.

அந்தச் சிறு நூலுக்கு வெல்டன் வைத்த பெயர் 'ஒரு திருத்தம்'. ஆல்டன்மியரும் தறி ஊர்தான் என்பது அதுவரை டீச்சருக்கே தெரியாது. பிஷப் பட்டை அவிழ்த்ததைப் பார்த்து ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களும் பட்டை விட்டார்கள். அது ஒரு நாகரிகம் ஆகிப்போனது. இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் தறிகள் நின்றுவிட்டன. ஒரு நாள் நெசவாளி ஒருவன் பிஷப் வீட்டு வாசலில் வந்து நின்றான். "என் பிள்ளைகளுக்கு வாயிருக்கிறது, ஐயா" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிஷப் அவனிடமே கறுப்புப் பட்டு நெய்யச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு, தறித்தெரு முழுக்க நடந்தார். சாகும்வரை அதை அவிழ்க்கவில்லை. நூலின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "புழுவுக்கு நான் காட்டிய இரக்கத்தை நெசவாளியின் அடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். இதனால் புழு சாவது சரி என்று ஆகிவிடாது. இரண்டு பாவமும் என்னுடையவை. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை."

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். எங்கள் பக்கம் பேச ஒரு பிஷப் கிடைத்துவிட்டார். வாயைக் கட்டியிருக்கலாம், கட்டவில்லை.

"சரியாத்தான சொல்றாரு டீச்சர். புழு மட்டுந்தான் உயிரா? நாங்களும் உயிருதான்."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எந்தத் தறில உக்காந்துகினு இதச் சொல்ற?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"அப்போ போடாம வுட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? நான் சொல்லமாட்டேன்."

அவர் காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் பல வாரம் வரவில்லை. அச்சடித்த காகிதங்கள் தூசு படிந்து கிடந்தன. வழியில் ஜெயசந்திரன் சாரைப் பார்த்தேன். "வீட்ல இப்ப ரெண்டு பேருதான். பிஷப்போட பேச்சுவார்த்தையே இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீச்சர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தறிச் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்துகிறார் என்பதையும் சொன்னார். இத்தனை வருடம் சாத்தாத சன்னல் அது.

பிறகு ஒரு நாள் காலையில் பிரஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். 'ஒரு திருத்தம்' முழுவதையும் தமிழில் எழுதி முடித்திருந்தார்.

"போடப்போறீங்களா டீச்சர்?"

"எழுதனது அவரு. பிடிச்சத வச்சிகினு பிடிக்காதத மறைச்சா, அது அவரு வாழ்க்கையா இருக்காது. என் ஆசையா இருக்கும்."

கூடவே தனியாக ஒரு சிறு தாள். அதில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: "இந்தக் கடைசி நூலின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பட்டு கட்டுவது எனக்கு இன்றும் உயிர்க்கொலைதான். ஆனாலும் இதை எழுதியவர் அவர். ஆகவே இது இங்கே இருக்கிறது." கீழே அவர் பெயர்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பதில்லை. பெரிய தாளில் இரண்டு பக்கமும் அடித்து, அதை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். 'ஒரு திருத்தம்' ஒரு ஃபாரத்தில் கச்சிதமாக அடங்கிவிட்டது. டீச்சரின் குறிப்பு அடுத்த ஃபாரத்துக்குப் போனது. திருத்தம் இருந்த ஃபாரத்தை அடித்து, மடித்துப் பார்க்க ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, நான் அச்சுக்குப் பிளேட் வாங்க வேலூருக்குப் போயிருந்தேன். அன்று அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. வேலை இல்லாத அண்ணன் பிரஸ்ஸுக்கு வந்து, காற்றாட உட்கார்ந்து, மேசைமேல் கிடந்ததை எடுத்து முழுவதும் படித்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். "டேய், டீச்சர் எழுதனதப் படிச்சேன்டா. நல்ல மனுசன்டா அந்த பிஷப்பு" என்றார். கண் பளபளவென்று இருந்தது. அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. எதையோ படித்துச் சந்தோஷப்படுகிறார், நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். டீச்சரின் குறிப்பு இன்னும் மிஷினில் ஏறவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தறியில் ஏற்றிய நீள நூலான பாவு முடிந்தால் நெசவு முடிந்தது என்று பழகியவர் அவர். படித்த ஃபாரத்தோடு புத்தகமும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்.

வெளியீட்டு விழா ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் மதியம் மூன்று மணிக்கு. பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் அந்த நேரம். சர்ச் ஆயர் வந்திருந்தார். டீச்சரோடு வேலை பார்த்தவர்கள், பழைய மாணவிகள், எங்கள் தெரு ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பேசுகிறவர்களுக்குப் போர்த்த ஜெயசந்திரன் சார் கதர்த் துண்டுகளாகப் பார்த்து வாங்கி அடுக்கியிருந்தார். ஆரணியில் மேடை என்றால் பட்டுச் சால்வைதான். அது வந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தனிக் கவலை. எல்லாம் நன்றாக நடந்தது. டீச்சர் பேசும்போது பிஷப்பின் பிரசங்கத்தையும் 'ஒரு திருத்தம்' நூலையும் பற்றிச் சொன்னார். "ரெண்டையும் படிங்க. எனக்கு எது புடிக்கும்னு உங்களுக்கே தெரியும்" என்று சிரித்தார். மாணவிகள் கை தட்டினார்கள்.

அப்போது அண்ணன் மேடை ஏறினார். கையில் மஞ்சள் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். வாழ்க்கையில் அவர் மேடை ஏறி நான் பார்த்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கறுப்புப் பட்டுச் சால்வை.

கூட்டத்தில் சலசலப்பு. நல்ல காரியத்தில் கறுப்பா என்று ஒரு கூட்டம் முகத்தைச் சுளித்தது. டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு வேறு பயம். ஜெயசந்திரன் சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் புரிந்தது.

அண்ணன் மைக்கைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தே பேசினார்.

"பாவு மிச்சம் கருநீலம் இருந்துச்சு டீச்சர். குறுக்கு நூலு ஊடைக்குக் கறுப்பு போடச் சொன்னா, சாயக்காரரு யாருக்குச் சாவுன்னு கேட்டாரு. பிஷப்பு கட்டனது கறுப்புதானே? நீங்க எழுதினத நான் படிச்சேன். இத்தினி வருசம் எங்க தெருவுல இருந்துகினு, எங்க கை பட்டதத் தொடமாட்டீங்க. தப்பா நெனைக்கல டீச்சர். ஆனா மனசுல ஒரு ஓரமா இருக்கும். இப்போ நீங்களும் அவரு மாதிரி வந்துட்டீங்கன்னு தோணினப்போ, எனக்கு..."

சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் பிறந்ததிலிருந்து அந்தத் துணி அவர் உடம்பில் பட்டதில்லை. வேண்டாம் என்றால் அண்ணன் ஊர் முன்னால் கூனிக்குறுகி இறங்கிப் போவார், அத்தோடு டீச்சர் வீட்டு வாசலைக்கூட மிதிக்கமாட்டார். சரி என்றால் டீச்சரின் அம்மா காலத்து விரதம் போகும். டீச்சர் சால்வையைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே நெய்ஞ்சீங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

டீச்சர் தலையைக் குனிந்தார். அண்ணன் போர்த்தினார். ஜனங்கள் கை தட்டினார்கள். விழா முடியும்வரை டீச்சர் அதோடுதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, அசையாமல். போட்டோவில் பார்த்தால் சிரிப்பது போலத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மீதிப் புத்தகக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஜெயசந்திரன் சார் வாசலிலேயே மெதுவாகச் சொன்னார்: "நேத்து வந்ததும் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி தலைக்கு ஊத்திகினா. இன்னிக்கு உபவாசம். தண்ணிகூடக் கிடையாது."

டீச்சர் ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் துக்கமாக இருந்தது. "அண்ணனுக்குத் தெரியாது டீச்சர். குறிப்பு இல்லாத ஃபாரத்த மட்டும் படிச்சிட்டாரு. நான் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லாத."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுவேன்? அவரு மூஞ்சப் பாத்தியா நீ?" என்றார். பிறகு, "பிஷப்பு இதுக்கு மேல எனக்குத் தெரியலன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. எனக்கு மட்டும் இன்னா தெரியும்? உங்கண்ணனுக்காகப் போத்திகினேன். புழுவுக்காகப் பட்டினி கெடக்கறேன்" என்றார்.

சால்வை ஒரு பைக்குள் இருந்தது. வீட்டில் வைக்க முடியாது, யாருக்கும் கொடுக்கவும் மனம் வராது. என் பிரஸ் பீரோவில் வைக்கச் சொன்னார். "அப்பப்போ மடிப்ப மாத்தி வை. ஒரே மடிப்புல கெடந்தா நூலு வுட்டுடும்" என்றார். தறித்தெருவில் இத்தனை வருடம் சும்மாவா இருந்தார்.

நான் சொல்லவில்லை. ஆனால் புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டதே. அண்ணன் நெய்வது போலவே படிப்பார், நிதானமாக, ஒரு வரி விடாமல். ஒரு நாள் தறியிலிருந்து நேராக எழுந்து, புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு வந்தார். விரல் அந்தக் குறிப்பில் இருந்தது.

"டீச்சருக்கு ஒத்துக்கலியாமே. அப்பறம் ஏன்டா போத்திகினாங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளித்ததையும் பட்டினி கிடந்ததையும் சொன்னேன். பீரோவைத் திறந்து சால்வையையும் காட்டினேன். அண்ணன் அதைத் தொடாமல், டீச்சர் மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தறிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இந்த ஆவணியில் சுகன்யாவுக்குக் கல்யாணம். பத்திரிகை என் பிரஸ்தான். டீச்சரை அழைக்க அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் தாம்பூலத் தட்டோடு போனோம். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டீச்சர், நீங்க எப்பவும் போல நூல் பொடவைலயே வாங்க. அது வேணாம்."

"எது?"

"அந்தக் கறுப்பு."

டீச்சர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் சுவர்க் காலண்டரில் எழுத்துப்பிழை தேடினேன்.

"சுகன்யாவுக்கு இன்னா கலரு நெய்யறீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"அரக்குங்க. ஜரிக பச்சக் கரைல வருது."

"நல்லா நெய்ங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிரஸ்ஸுக்கு வந்து, "பீரோவத் தொற" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

காலை முகூர்த்தத்தில், வெள்ளை நூல் புடவைக்குமேல் அந்தக் கறுப்புப் பட்டைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கறுப்பில் வந்தவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். அண்ணியே போய், "அது எங்க வீட்டுக்காரரு நெய்ஞ்சது" என்று சொல்லி அடக்கினார். சுகன்யா அரக்குப் பட்டில் வந்து காலில் விழுந்தபோது, டீச்சர் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். கை பட்டில்தான் பட்டது. எடுக்கவில்லை. அண்ணன் மணவறையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐயர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மத்தியானமே சால்வை பிரஸ்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டது. மடிப்பை மாற்றி வைத்தேன். மறுநாள் டீச்சர் வீட்டில் உபவாசம் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

பதினோரு மணி வாக்கில் அண்ணி போன் செய்தார்.

"ஏம்பா தமிழ்வாணா, உங்கண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? காலைலேர்ந்து பச்சத்தண்ணி கூடத் தொடல. கேட்டா, எதுத்த வூட்டக் கைகாட்டிட்டு, இன்னிக்கு எனக்கும் வேணாங்கறாரு."

"இன்னா பண்றாரு இப்போ?"

"தறிலதான் உக்காந்துகினு இருக்காரு" என்றார் அண்ணி.

போனில் தறிச் சத்தம் கேட்டது. அண்ணன் நெய்துகொண்டுதான் இருந்தார்.